“பதில் சொல்லாதே, கேள்வி மட்டும் கேள்” என்றார்கள்: ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜின் கடிதத்துக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம்

ஓசூர்ப் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34. இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, கணினி வழி இயங்கிக் கடையும் சிஎன்சி டர்னிங் இயந்திரங்களில் ஆபரேட்டராகவும், இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தரும் செட்டராகவும் 9 ஆண்டுகள் இருந்தவர். 8 மாதங்களுக்கு முன்பு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆனார். இப்போது அவர் பொறுப்பில் 14 பேர். பொறுப்பில் இருப்பவர்களைப் பேசி வளர்த்தெடுக்கும் ‘கோச்சிங்’ முறையைக் கற்க, நிர்வாகம் அவரை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பியது. “விடையை நீங்கள் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள், விடை அவர்களிடமே இருக்கிறது” என்பதே அங்கே அவர் மனத்தில் பதிந்த பாடம். திரும்பி வந்து அதை அப்படியே நடைமுறைப்படுத்திப் பார்த்ததில் மூன்று பேரிடம் மூன்று விதமாகத் தோற்றுப்போனதாக எழுதுகிறார்.

முதலாமவர் ஐடிஐ முடித்து வந்த அப்ரன்டிஸ் இளைஞர். வெளிவிட்டம் கடையும் இயந்திரத்தில் இரண்டு மாதம் குறையில்லாமல் வேலை செய்தவர், துளை கடையும் இயந்திரத்துக்கு மாற்றியதும் வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டைத் தவறாகப் போட்டு ஒரே வாரத்தில் 9 பீஸ்களைக் கெடுத்துவிட்டார். “ஏன் இப்படி ஆயிற்று, நீயே யோசித்துச் சொல்” என்று கேட்டால் கண் கலங்கி நிற்கிறார். அவரை ஷிஃப்ட் முடிந்த பிறகும் இரண்டு, மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்து வேலை செய்யச் சொல்வதாகவும் வாசகர் குறிப்பிடுகிறார். இரண்டாமவர் 52 வயதுக்காரர். வாசகருக்கே தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். மணிக்கொரு முறை அளந்து எழுத வேண்டிய அளவுப் பதிவேட்டை ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக நிரப்பிவிடுகிறார், கேட்டால், “வகுப்புக்குப் போய்விட்டு வந்து எனக்கே கேள்வியா?” என்று எல்லார் முன்னாலும் சிரிக்கிறார். மூன்றாமவர் திறமையான ஆபரேட்டர், ஆனால் சில மாதங்களாகச் சின்ன முடிவுக்குக்கூட வாசகரைக் கூப்பிடுகிறார். தனியே பேசியபோது, தந்தையின் மருத்துவச் செலவுக்காக வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க இரவில் சரக்கு வண்டி ஓட்டுவதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். மனிதவளத் துறையோ ஒவ்வொரு கோச்சிங் பேச்சுக்கும் ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்கிறது. அதில் “குறைபாட்டுக்கான காரணம்” என்று ஒரு கட்டம் இருக்கிறது.

“எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது. மீண்டும் இயந்திரத்துக்கே போய்விடட்டுமா?” என்று கடிதம் முடிகிறது.

“விடை அவர்களிடமே இருக்கிறது” என்பது எப்போது உண்மை?

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆலோசகராவதற்கு முன்பு நானும் இயந்திரக் கூடத்தில் சில ஆண்டுகள் நின்றவன் என்பதால், நீங்கள் எழுதிய ஒவ்வொரு காட்சியும் எனக்குக் கண்ணில் தெரிகிறது. வகுப்பில் சொன்னதை நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதிதான்.

கேள்வி கேட்டே ஒருவரை வளர்க்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். 1970களில் அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் டிமோதி கால்வே, ஆட்டக்காரரிடம் “கையை இப்படி வை” என்று ஓயாமல் திருத்துவதைக் காட்டிலும், பந்து எப்படி வருகிறது என்று அவரையே கவனிக்கச் செய்தால் ஆட்டம் விரைவில் தேறுகிறது என்று கண்டார். அதை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர், முன்பு கார்ப் பந்தய வீரராக இருந்த பிரிட்டனைச் சேர்ந்த ஜான் விட்மோர். உங்கள் வகுப்பில் சொல்லித் தந்திருக்கக்கூடிய ‘க்ரோ’ முறை, அதாவது இலக்கு, இப்போதைய நிலை, இருக்கும் வழிகள், செய்யப்போகும் செயல் என்ற வரிசையில் கேட்டுச் செல்வது, அவர் வழியாகவே உலகெங்கும் பரவியது. நல்ல முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கேட்கப்படுபவருக்கு அந்த வேலையின் அடிப்படை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். மட்டையைப் பிடிக்கவே தெரியாதவரிடம் “உன் ஆட்டத்தில் என்ன மாற்றலாம்?” என்று கேட்பதில் பொருளில்லை.

தொழிற்கூடத்துக்கு இதைவிட மூத்த இன்னொரு மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் அனுபவமுள்ள தொழிலாளர்கள் போருக்குப் போக, ஆலை வேலையே அறியாத லட்சக்கணக்கானோர் புதிதாக உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு வேகமாகத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டிய ஃபோர்மேன்களுக்காக, ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் நான்கு படிகளை வகுத்தது: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவைத்துப் பார், பிறகு தொடர்ந்து கவனி. கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பது அத்திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் அங்குள்ள ஆலைகளில் ஆழமாக வேர்விட்டது. இங்கே கேள்வியைவிடச் செய்துகாட்டும் கைக்கே முதலிடம்.

ஆகவே, ஒருவர் முன்னால் போய் நிற்பதற்கு முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே: இவரைத் தடுப்பது எது? தெரியாமை என்றால் கற்றுக்கொடுங்கள். தெரிந்தும் துணிவோ தெளிவோ இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். விதியை மீறுகிறார் என்றால் நேராகச் சொல்லுங்கள். தடை அவரிடமே இல்லை, இயந்திரத்திலோ ஷிஃப்ட் அட்டவணையிலோ இருக்கிறது என்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் மூவரிடமும் ஒரே கருவியைக் கொண்டு போயிருக்கிறீர்கள்.

அப்ரன்டிஸ் இளைஞரைப் பற்றி

இவரைக் “கவனக்குறைவு” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கு மாறான சான்று இருக்கிறது. வெளிவிட்டத்தில் இரண்டு மாதம் தவறே செய்யாதவர், துளைக்கு வந்ததும் தவறு செய்கிறார். கருவியின் வெட்டு முனையான இன்செர்ட்டை மாற்றிய பிறகு துளை 20 மைக்ரான் பெரிதாக வந்தது, அவர் அதன் மேல் மேலும் 20 மைக்ரான் கூட்டிவிட்டார் என்கிறீர்கள். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வெளிவிட்டம் கடையும்போது வெட்டு அதிகமானால் விட்டம் குறையும். அதைச் சரிசெய்ய ஆஃப்செட்டில் கூட்ட வேண்டும். “வெட்டு அதிகமானால் கூட்டு” என்ற விதியை அவர் தாமாகவே உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டும். துளையில் வெட்டு அதிகமானால் விட்டம் பெரிதாகிவிடும்; அங்கே கழிக்க வேண்டும். அவர் பழைய விதியை உண்மையாகக் கடைப்பிடித்தார், அதனால் பீஸ் கெட்டது. இது என் ஊகம்தான். உறுதிசெய்யும் வழி எளிது. “ஏன் இப்படிச் செய்தாய்?” என்பதை விட்டுவிட்டு, “இந்த எண்ணைப் போடும்போது மனதில் என்ன கணக்குப் போட்டாய் தம்பி, எனக்கு அப்படியே சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். முதல் கேள்வி குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது அவருடைய கணக்கை உங்கள் கண் முன்னே விரிக்கிறது.

கணக்கு தெரிந்த பிறகு கேள்விகளை நிறுத்திக்கொண்டு கற்றுக்கொடுங்கள். வெட்டைப் பார்க்க வேண்டாம், விட்டத்தை மட்டும் பார். உள்ளோ வெளியோ, விட்டம் பெரிதாக வேண்டுமென்றால் கூட்டல், சிறிதாக வேண்டுமென்றால் கழித்தல். இந்த ஒரு வரியும் அதன் காரணமும் போதும். பிறகு அவரே அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி, எண்ணைப் போட்டு, நீங்கள் திரையைப் பார்த்துத் தலையசைத்த பிறகே சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தட்டும். மூன்று முறை சரியாக வந்தால் விலகி நில்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மறுநாள் ஷிஃப்டில் ஒரு முறை. உங்கள் கைகளையும் கவனியுங்கள். 9 ஆண்டுகள் பழகிய கை, பக்கத்தில் ஒருவர் தடுமாறுவதைப் பார்த்தால் தானாகவே கீபோர்டுக்குப் போகும். நல்ல செட்டராக இருந்தவர்கள் நல்ல ஆசிரியராகத் தடுமாறுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். எவ்வளவோ செய்திகள் கைக்குப் பழகிப்போய்ச் சொல்லில் இருந்து மறைந்துவிட்டன. எனவே கற்றுக்கொடுப்பதற்கு முன்பு அந்த வேலையை ஒரு முறை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு படியையும், அதில் தவறக்கூடிய இடத்தையும், காரணத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நான் சொல்லாமல் விடமுடியாது. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர். தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டார். அச்சட்டப்படி அரசு நியமித்த அப்ரன்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அவரைக் கூடுதல் நேரம் வேலை வாங்கவோ வேலை செய்ய அனுமதிக்கவோ கூடாது. அவர் தேறட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் நிறுத்தி வைக்கிறீர்கள். ஆனாலும் அதை இன்றே நிறுத்திவிடுங்கள். சட்டம் ஒருபுறமிருக்க, 8 மணி நேரம் நின்று களைத்தவர், பயத்தோடு நிற்கும் கூடுதல் மூன்று மணி நேரத்தில் எதையும் கற்கப்போவதில்லை.

உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்

அண்ணனின் விஷயத்தில் இரண்டு முடிச்சுகள் ஒன்றோடொன்று சிக்கியிருக்கின்றன. ஒன்று மரியாதை, மற்றொன்று பதிவேடு. சிக்கலைப் பிரிக்காமல் இழுத்தால் இரண்டுமே இறுகும்.

நேற்றுவரை “அண்ணே, இது எப்படி?” என்று கேட்டவர் இன்று “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று வகுப்பில் கற்ற குரலில் கேட்டால், விடை தெரிந்துகொண்டே தம்மைச் சோதிக்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதுவும் பத்துப் பேர் முன்னிலையில். 52 வயதுக்காரருக்கு இது அவமானம். அவர் சிரித்தது அதை மறைக்க என்றே எனக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே உங்களுக்கு விடை தெரியாதவற்றை அவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்டவை நிறைய இருக்கும். அப்ரன்டிஸ் இளைஞருக்குத் துளை வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் ஒரு பங்கை அவர் ஏற்பாரா என்றும் கேட்கலாம். ஏற்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

பதிவேடு அப்படியில்லை. அளக்காமல் எழுதிய அளவு பொய்ப் பதிவு. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து புகார் வந்தால் எந்த மணியில் பிழை தொடங்கியது என்று தேட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. அது பொய்யானால் ஒரு ஷிஃப்டின் மொத்த உற்பத்தியையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே கேள்வி கேட்பது உங்கள் பொறுப்பிலிருந்து நழுவுவதாகும். தேநீர் இடைவேளையில், இயந்திரத்தை விட்டுத் தள்ளி, இருவர் மட்டும் இருக்கும்போது, இப்படிச் சொல்லலாம்: “அண்ணே, உங்களிடம் தொழில் கற்றவன் நான், அது மாறாது. ஆனால் இந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போடுவது நான். செவ்வாய்க்கிழமை இரவில் எட்டு அளவும் ஒரே பேனாவில் ஒரே நேரத்தில் எழுதியிருந்தது. நாளையிலிருந்து மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும். அதற்கு என்ன இடைஞ்சல் இருந்தாலும் சொல்லுங்கள், நான் தீர்த்துத் தருகிறேன்.” கடைசி வாக்கியத்தை மரியாதைக்காகச் சேர்க்காதீர்கள், உண்மையாகவே கேளுங்கள். நான்கு இயந்திரங்களுக்கு, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் ஒன்றே என்ற நிலை பல கூடங்களில் உண்டு. அளக்கப் போனால் உற்பத்தி எண்ணிக்கை விழுகிறது என்றால், குறை அவரிடம் மட்டும் இல்லை.

இப்படிச் செயலைப் பற்றி மட்டும் பேசச் சொல்வதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதன் விளைவை ஆராய்ந்த பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பலன் நன்மையே. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலைத் திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி “நான் எப்படிப்பட்டவன்” என்பதன் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “நீங்கள் பொறுப்பில்லாதவர்” என்பதற்கும் “செவ்வாய்க்கிழமைத் தாள்” என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

படிவத்தில் எதை எழுதுவது?

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதி. வெளியிலிருந்து வரும் ஆலோசகர் ஒருவரிடம் பேசினால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். நீங்கள் அந்த இடத்தில் இல்லை. ஆண்டு மதிப்பீடு எழுதுபவரும் நீங்களே, விடுப்புக்குக் கையெழுத்திடுபவரும் நீங்களே. எனவே “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியை உங்களால் முழுமையாகக் காப்பாற்ற இயலாது. அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. “நீங்கள் சொல்வதை நான் பரப்பமாட்டேன். ஆனால் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மேலே சொல்லியே ஆக வேண்டும்.” இதை முதலில் கேட்டுவிட்டு ஒருவர் பேசாமல் போனாலும் பரவாயில்லை.

மூன்றாமவர் தூக்கம் கெட்டு இயந்திரத்தில் நிற்கிறார். அவர் சின்ன முடிவுக்கும் உங்களைக் கூப்பிடுவது, தம் கண்ணையும் கணக்கையும் தாமே நம்பாததால்தான் என்று நினைக்கிறேன். பீஸைப் பிடித்துச் சுழலும் சக்கின் அருகில் தூக்கக் கலக்கம் என்பது விரல் போகும் விஷயம். ஆகவே களைப்பை நீங்கள் மறைக்கக் கூடாது. காரணத்தை நீங்கள் வெளியிட வேண்டியதில்லை. “ஷிஃப்டில் களைப்புடன் காணப்பட்டார், அந்த நாள்களில் இயந்திரத்திலிருந்து மாற்றி அளவுச் சோதனையில் வைக்கப்பட்டார், ஓய்வு குறித்துப் பேசப்பட்டது, அடுத்த சந்திப்பு இந்தத் தேதி.” இவை நீங்கள் கண்டவை, செய்தவை. கடனும் தந்தையின் நோயும் அவருடைய செய்தி. சொல்வதா என்று அவரே முடிவு செய்யட்டும். வேறு இடத்தில் ஊதிய வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பல நிறுவனங்களின் பணி ஆணையில் இருக்கிறது. நீங்கள் அக்கறையோடு எழுதும் ஒரு வரி நாளை அவர் வேலைக்கே உலை வைக்கக்கூடும்.

படிவத்தில் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை அவரிடமே முன்கூட்டிக் காட்டுங்கள். கூடவே, அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய இரண்டு வழிகளையும் சொல்லுங்கள். அவர் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐயில் பதிவு பெற்றவர் என்றால், வருமான வரம்புக்கு உட்பட்டு, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. வருங்கால வைப்பு நிதியிலிருந்து மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. இரவு வண்டியை நிறுத்தச் சொல்லிப் புத்தி சொல்வதைவிட இது அவருக்கு உதவும். உடம்பு தேறிய பிறகு அவரிடம் கேள்வி முறை நன்றாகவே பலிக்கும். அடுத்த முறை கூப்பிடும்போது, “நான் இன்று லீவு என்றால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும்.

மனிதவளத் துறையிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தப் படிவத்தை யார் படிப்பார்கள், ஆண்டு மதிப்பீட்டுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ இது பயன்படுமா? ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பதானால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் பெற்று, முறையாக விசாரிக்க வேண்டும். நம்பிக்கையோடு பேசியதைக் கோச்சிங் என்ற பெயரில் பதிந்து வைத்து, பிறகு அதையே சான்றாக நீட்டுவது முறையாகாது. அது தொழிலுக்கும் கெடுதல். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில் பிழைக் கணக்கு அதிகமாக இருப்பதைக் கண்டு வியந்தார். அந்தக் குழுக்களில் பிழையை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். உங்கள் கூடத்தில் படிவத்துக்குப் பயந்தால், கெட்ட பீஸ், கழிவாகக் கணக்கில் எடுக்கும் சிவப்புப் பெட்டிக்கு வராமல், உலோகச் சீவல் விழும் சிப் தொட்டிக்குள் போய்விடும்.

மீண்டும் இயந்திரத்துக்கே போய்விடலாமா?

போகலாம். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் இப்போது கேட்பது உசிதமில்லை என்று நினைக்கிறேன். ஆபரேட்டராக இருந்தபோது ஷிஃப்ட் முடிவில் எத்தனை நல்ல பீஸ் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. இப்போது உங்கள் வேலையின் பலன் மற்றவர்களின் கைகளில், வாரங்கள் கழித்துத்தான் தெரிகிறது. அந்த வெறுமையைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி சொல்லப்பட்ட ஒரு முறையை எட்டு மாதப் பொறுப்பில் இருப்பவர் பயன்படுத்தியதை வைத்துத் தகுதியை முடிவு செய்ய இயலாது.

மூன்று மாதம் பாருங்கள். 14 பேரிடமும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம். ஷிஃப்டுக்கு ஒருவர், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு வரிசையைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வேண்டும் என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். கேட்பது சலுகை என்று தயங்க வேண்டாம். நேரம் ஒதுக்காமல் கோச்சிங் கேட்பது நிர்வாகத்தின் குறை. அதன் பிறகும் ஒவ்வொரு காலையும் மனம் கனத்தால், செட்டர் அல்லது தொழில்நுட்பப் பயிற்றுநர் பொறுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் சம்பள நிலையும் பணிமூப்பும் என்னவாகும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கோரிக்கைக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த இருவர், ஊதிய உயர்வு வரும்போது திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள் போதும். அப்ரன்டிஸ் இளைஞரை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் அவருடைய கணக்கைக் கேளுங்கள். மூன்றாமவரின் படிவம் இன்னும் உங்கள் மேசையில் இருந்தால், அவருக்குக் காட்டாமல் அதை ஒப்படைக்காதீர்கள். அண்ணனிடம் பேசுவதற்கு முன்பு கூடத்தில் எத்தனை போர் கேஜ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.